சிக்னலில் சம்பாதிக்கும் கார்: ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டின் வரவும் செலவும்

சாயங்காலம் ஆறரை மணிக்குச் சென்னை மத்திய கைலாஷில் கிளம்பி ஓ.எம்.ஆர். வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறவருக்கு, ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் செடான் அந்த நெரிசலில் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுப்பதே பெரிய விஷயம். நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். அதே சாலையில், அதே நேரத்தில், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் செடான் ஒன்று 20 கி.மீ.யைத் தொட்டுவிடும். ஆனால் அதே இரண்டு கார்களையும் திண்டிவனம் தாண்டி 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் லிட்டருக்கு மூன்று, நான்கு கி.மீ. என்று சுருங்கிவிடும்.

ஹைப்ரிட் செடான் வாங்கலாமா என்ற கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது. ‘மைலேஜ் எவ்வளவு’ என்று மட்டும் கேட்டு வாங்கியவர்களில் சிலர் மூன்று வருடம் கழித்தும் ஏமாற்றத்தோடு இருப்பதற்குக் காரணம், ‘எந்தச் சாலையில்’ என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்காததுதான்.

நம் ஊரில் நடுத்தர அளவுச் செடானில் முழு ஹைப்ரிட் என்று சொல்லத் தகுந்தது ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி. 2022 மே மாதம் 19.49 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இந்தியாவுக்கு வந்தது. இதற்கு முன்பே மாருதி சியாஸ் போன்ற கார்களில் ஹைப்ரிட் என்ற பெயர் இருந்தது. அவை ‘மைல்டு ஹைப்ரிட்’. டைனமோவே கொஞ்சம் பெரிதாகி, இன்ஜினுக்குக் கைகொடுக்கும். மோட்டாரை மட்டும் வைத்து வண்டியை ஓட்ட முடியாது. பழைய கார் விளம்பரங்களில் இந்த இரண்டையும் ஒரே பெயரில் போடுவார்கள், கவனமாக இருக்க வேண்டும். மோட்டார் மட்டுமே சக்கரத்தைச் சுழற்ற முடிந்தால்தான் ‘ஸ்ட்ராங் ஹைப்ரிட்’.

சிட்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ள, கியர்பாக்ஸ் என்ற ஒன்றையே மறந்துவிட வேண்டும். பானெட்டுக்குள் 1.5 லிட்டர், 98 பி.எஸ். பெட்ரோல் இன்ஜின் ஒன்றும், இரண்டு மின்மோட்டார்களும் இருக்கின்றன. ஒரு மோட்டார் இன்ஜினோடு இணைந்து மின்சாரம் தயாரிக்கிறது. இன்னொன்று சக்கரத்தோடு இணைந்து காரை இழுக்கிறது. அதன் திறன் 109 பி.எஸ்., இழுவிசை 253 என்.எம். நகர வேகத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும், மோட்டார் காரை ஓட்டும். கல்யாண மண்டபத்துக்கு வெளியே ஓடுகிற ஜெனரேட்டரைக் காருக்குள் வைத்தது மாதிரிதான்.

சுற்றி வளைத்து இப்படிச் செய்வதில் என்ன லாபம்? ஒரு பெட்ரோல் இன்ஜின் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி சிக்கனமாக இருக்காது. முதல் கியரில் ஊர்ந்து போகும்போதுதான் அது எரிபொருளை மிக மோசமாக வீணடிக்கும். ஹைப்ரிட்டில் அந்த ஊர்கிற வேலை மோட்டாருடையது. பேட்டரி இறங்கினால் இன்ஜின் எழுந்து, தனக்குச் சிக்கனமான சுழற்சியில் சிறிது நேரம் ஓடி, தேவையானதைச் சேர்த்துவிட்டு அணைந்துகொள்ளும். இன்ஜின் ‘அட்கின்சன்’ முறையில் வேலை செய்வதும் இதனால்தான். அந்த முறையில் சிக்கனம் கூடும், தாழ்ந்த சுழற்சியில் இழுவை குறையும். குறைகிற இழுவையை மோட்டார் ஈடுகட்டிவிடுகிறது.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. சீரான வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ள, இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தை ஓட்டும். டாப் கியரில் போவதற்குச் சமம். அந்த நிலையில் ஹைப்ரிட்டுக்கும் நல்ல பெட்ரோல் காருக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. பிரேக் போடாத சாலையில் திரும்பச் சேமிக்க எதுவும் இல்லை. ஓவர்டேக்குக்கு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கிளட்ச் விடுபட்டு, மோட்டார் மறுபடி இழுவையை எடுத்துக்கொள்ளும்.

டொயோட்டாவின் ஹைப்ரிட் செடானான கேம்ரியில் வேறு வழி. அங்கே கிரகப் பல்சக்கரத் தொகுதி (பிளானட்டரி கியர்) ஒன்று இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் ஓயாமல் பங்கு பிரித்துக்கொண்டே இருக்கும். இரண்டிலும் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸான சிவிடி கிடையாது. பெட்ரோல் சிட்டியின் சிவிடியில் இருக்கும் இரும்பு பெல்ட்டோ, கப்பிகளோ ஹைப்ரிட்டில் இல்லை. பெயரில் ‘இ-சிவிடி’ என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இனி காசு. நிறுவனம் சொல்லும், வாகனச் சோதனை அமைப்பான அராய் (ARAI) அளந்த மைலேஜ் 2022-ல் 26.5 கி.மீ., 2023-ல் புதுப்பித்த பிறகு 27.13 கி.மீ. பெட்ரோல் சிவிடிக்கு 18.4 கி.மீ. இவை சோதனைக்கூட எண்கள். நம் சாலைக்கு ஏற்றபடி ஒரு கணக்குப் போடுவோம். நகரத்துக்குள் பெட்ரோல் சிவிடி 12, ஹைப்ரிட் 20 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு ஒன்றில் 8.42 ரூபாய், இன்னொன்றில் 5.05 ரூபாய். மிச்சம் 3.37 ரூபாய். இரண்டுக்கும் ஆன்-ரோடு விலையில் 4 லட்சம் ரூபாய் வித்தியாசம் இருந்தால், அதை மீட்க சுமார் 1,19,000 கி.மீ. ஓட்ட வேண்டும். வருடம் 20,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஆறு வருடம். 12,000 கி.மீ. ஓட்டுகிறவருக்குக் கிட்டத்தட்ட பத்து வருடம்.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் 17, ஹைப்ரிட் 21 என்று போட்டால் மிச்சம் கிலோமீட்டருக்கு 1.13 ரூபாய்தான். அதே 4 லட்சத்தை மீட்க மூன்றரை லட்சம் கி.மீ. ஓட்ட வேண்டும். வாரம் ஒருமுறை சேலத்துக்கும் சென்னைக்குமாகப் போய்வருவதுதான் உங்கள் முக்கிய ஓட்டம் என்றால், பணத்துக்காக இந்தக் காரை வாங்காதீர்கள். பெட்ரோல் சிட்டியே போதும். அது நல்ல கார்.

வரியும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. 2025 செப்டம்பர் 22-க்கு முன் இந்த அளவு ஹைப்ரிட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம், பெட்ரோல் சிட்டிக்கு 45. இப்போது இரண்டும் 40. இருந்த சின்னச் சலுகையும் போய்விட்டது. முழு மின்சாரக் காருக்கு வெறும் 5 சதவீதம் என்பதைப் பார்த்தால் ஹைப்ரிட்டுக்கு நடப்பது அநியாயம் என்றே சொல்வேன். பிளக்கில் செருகாமலே பெட்ரோல் செலவை நகரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைக்கிற ஒரு காரும், ஒன்றும் குறைக்காத காரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாடு பேட்டரி வாகனங்களுக்கு அளித்த சாலை வரி விலக்கும் ஹைப்ரிட்டுக்குப் பொருந்தாது. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். விலை 19.90 லட்சமாக இருந்தால் வரி 3,58,200 ரூபாய். 20.10 லட்சமானால் 4,02,000. விலையில் 20,000 கூடினால் வரியில் 43,800 கூடுகிறது. இந்தக் கார் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நிற்பதால், கலர், வேரியன்ட் முடிவு செய்யும்போது கொட்டேஷனில் இந்த ஒரு வரியைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

பணக் கணக்கைத் தாண்டி இந்தக் காருக்கு இருக்கிற பெரிய பலம் அமைதி. காலையில் பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போதும், பள்ளி வாசலில் வரிசையில் நகரும்போதும் பெரும்பாலும் இன்ஜின் ஓடுவதே தெரியாது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் இழுவை உடனே வரும். கியர் மாறும் இடறல் இல்லை. 0-விலிருந்து 100-ஐ சுமார் பத்து விநாடியில் எட்டிவிடும், ஆனால் உண்மையான சுகம் 20-லிருந்து 60 வரை போவதில்தான். ஏ.சி. கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால், சிக்னலில் இன்ஜின் அணைந்தாலும் குளிர்ச்சி குறையாது. மே மாத வெயிலில் மட்டும் ஏ.சி.யே பேட்டரியைக் குடித்துவிடும். அப்போது நின்ற இடத்திலும் இன்ஜின் அடிக்கடி எழும். மைலேஜ் இரண்டு, மூன்று கி.மீ. இறங்கும். கோளாறு என்று பதற வேண்டியதில்லை.

பேட்டரி எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் இதெல்லாம் புரியும். 48 செல், 172.8 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரி அது. கொள்ளளவு சுமார் ஒரு யூனிட் மின்சாரம். முழு மின்சாரக் காரில் 30, 40, 60 யூனிட் இருக்கும். ஆகவே இன்ஜின் இல்லாமல் தொடர்ந்து ஓடும் தூரம் சமதரையில் ஓரிரு கி.மீ.தான். பணத்தைச் சேர்த்து வைக்கிற வங்கிக் கணக்கு இல்லை இது, கல்லாப்பெட்டி. வருவதும் போவதும் நொடிக்கு நொடி நடக்கும்.

மலைப்பாதையில் இந்தக் கல்லாப்பெட்டியின் எல்லை நன்றாகத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு ஏறும்போது, முதல் சில வளைவுகளுக்கு மோட்டார் சத்தமே இல்லாமல் ஏற்றிவிடும். பேட்டரி இறங்கியதும் இன்ஜின் உயர்ந்த சுழற்சியில் நிலையாகக் கத்தும். கார் போவது 30 கி.மீ. வேகத்தில், சத்தமோ 100-ல் போகிற மாதிரி. கிளட்ச் வழுக்குகிறதோ என்று பழைய டிரைவர்களுக்குச் சந்தேகம் வரும். சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பில்லாததால் வரும் சத்தம் அது. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த நேரத்தில் இன்ஜின் ஒன்றே தயாரிக்க வேண்டியிருக்கிறது.

இறங்கும்போது நடப்பது இன்னும் விசித்திரம். வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பேட்டரியை நிரப்பும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடது கைப் பக்கம் இருக்கும் துடுப்பு போன்ற சின்ன லீவரை இழுத்தால் இந்தப் பிடிப்பு படிப்படியாகக் கூடும். கியர் லீவரை ‘B’-யில் (பார்க்கிங்குக்கான ‘P’ அல்ல) போட்டாலும் பிடிப்பு அதிகமாகும். ஏழெட்டு வளைவு இறங்குவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லை. அப்போது கார் அந்த மின்சாரத்தால் ஜெனரேட்டர் மோட்டாரைச் சுழற்றி, பெட்ரோல் ஊற்றாமலே இன்ஜினைச் சுற்றவிட்டு, ஆற்றலைத் தீர்க்கும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்திருக்கிறோம், இறக்கத்தில் போகிறோம், ஆனால் இன்ஜின் உறுமுகிறது. முதல்முறை கேட்பவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். நிறுத்த வேண்டாம், இதுதான் இந்தக் காரின் ‘இன்ஜின் பிரேக்’. ‘B’-யிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் மட்டும் போடவே கூடாது. போட்டால் இந்தப் பிடிப்பு முழுவதும் போய், பாரம் மொத்தமும் டிஸ்க் மீது விழும்.

அந்த டிஸ்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைப்ரிட் சிட்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் உண்டு. பெட்ரோல் சிட்டியில் பின்னால் டிரம்தான். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் பேட் மிக மெதுவாகத் தேயும். ஆனால் தேயாத பிரேக்குக்கு வேறொரு நோய் வரும். கடற்கரை ஓரம், குறிப்பாக ஈ.சி.ஆர். பக்கம் நிற்கிற கார்களில் டிஸ்க்கில் துரு பிடிக்கும். பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் வழுக்குக் கம்பிகள் இறுகிக்கொள்ளும். ஒரு பக்கம் இறுகினால் பேட் சாய்வாகத் தேய்ந்து, பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். வருடம் ஒருமுறை காலிப்பரைக் கழற்றி, கம்பிகளைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். ‘பேட் நன்றாக இருக்கிறது சார்’ என்று தள்ளிப்போடுவார்கள். விடாதீர்கள். பிரேக் ஆயிலை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

குடும்பத்துக்கு என்று வாங்குகிறவர்களுக்கு உண்மையான இடி டிக்கியில் விழும். பெட்ரோல் சிட்டியின் டிக்கி 506 லிட்டர், ஹைப்ரிட்டில் 306. பேட்டரியும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பின்னால் உட்கார்ந்து 200 லிட்டரைத் தின்றுவிட்டன. எண்ணாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பெரிய சூட்கேஸும் இரண்டு கைப்பைகளும் வைத்ததும் டிக்கி நிறைந்துவிடும். திரும்பி வரும்போது அம்மா கொடுக்கிற அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் இடமில்லை. செடான் வாங்குவதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்றே இங்கே அடிபடுகிறது. மழலைத் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ தினமும் எடுத்துப் போகிற வீடாக இருந்தால், அதை ஷோரூமுக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பின்னால் சி.என்.ஜி. சிலிண்டர் மாட்டிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் இந்தக் காரில் வழியில்லை.

எடையும் பெட்ரோல் சிட்டியைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடுதல், அதிலும் பின்பக்கம். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் கார் பின்னால் தாழும். வெள்ளைக்கோடு போடாத கிராமத்து ஸ்பீட் பிரேக்கர்களில் அடி உரசும். சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தப்பிக்கலாம்.

பராமரிப்பில் பயந்த அளவுக்குச் செலவு இல்லை. இந்தக் காரில் வழக்கமான செல்ப் மோட்டார் இல்லை, டைனமோ இல்லை, காலால் மிதிக்கும் கிளட்ச் இல்லை. இன்ஜின் பெட்ரோல் சிட்டியைவிடக் குறைந்த நேரமே ஓடுகிறது. ஆனால் குறைவாக ஓடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டிலிருந்து இரண்டு கி.மீ. தூரத்துக்குள்ளேயே சுற்றுகிற காரில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருப்பது போலக்கூடத் தெரியும். ஆகவே கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அதில் ஆயில் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது இதற்கு நல்ல மருந்து.

ரோட்டில் நிற்கவைக்கிற கோளாறு பெரும்பாலும் பெரிய பேட்டரியிலிருந்து வராது. சாதாரண 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வரும். காரின் கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேயை மூடுவது அந்தச் சின்ன பேட்டரிதான். அது செத்தால் பெரியதில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் ‘ரெடி’ விளக்கு எரியாது. வெளியூர் போய் மூன்று வாரம் காரைத் தொடாமல் விட்டவர்களுக்கு இது நடக்கும். டாஷ்கேம் எப்போதும் இணைப்பில் இருந்தால் இன்னும் சீக்கிரம். வீட்டில் இருப்பவர் வாரம் ஒருமுறை, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ‘ரெடி’ நிலையில் அரை மணி நேரம் வைத்தால் போதும். பிரேக் மிதிக்காமல் பட்டனை மட்டும் அழுத்திப் பாட்டுக் கேட்டால் சார்ஜ் ஏறாது, இறங்கும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்.

பெரிய பேட்டரியைக் குளிர வைக்க ஒரு விசிறி, கேபினுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. காற்று உள்ளே போகிற துளை எங்கே என்று டெலிவரி அன்றே காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் துணிப்பையோ ஜமுக்காளமோ கிடக்கக் கூடாது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அந்த இடத்தில் முடி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று குறைந்தால் பேட்டரி சூடேறும். சூடேறினால் கம்ப்யூட்டர் மோட்டாரின் பங்கைக் குறைக்கும். மைலேஜ் காரணமே தெரியாமல் இறங்கும். வெயிலில் ஜன்னலை மூடி நிறுத்தி வைப்பதும் இதே கெடுதலைச் செய்கிறது. லித்தியம் செல்லைச் சீக்கிரம் கிழடாக்குவது வெப்பம்தான். நிழலில் நிறுத்துவது இந்தக் காருக்கு வெறும் சௌகரியம் இல்லை. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி உண்டு. பழைய காராக வாங்குகிறவர் இதில் எவ்வளவு மிச்சம் என்பதையும், சர்வீஸ் விடாமல் நடந்திருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்த காரை எடுப்பதில் சென்னைக்காரர்களுக்குப் பழக்கம் உண்டு; ஹைப்ரிட்டில் அந்தப் பழக்கத்தைக் காட்டக் கூடாது. சீட் வரை தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் பக்கத்து மெக்கானிக் கை வைக்கக் கூடாது. அதில் உயர்மின்னழுத்தம் ஓடுகிறது. முன்சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டி இழுப்பதும் தவறு. சக்கரத்தோடு மோட்டார் எப்போதும் இணைந்தே இருப்பதால், சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். முழுக் காரையும் ஏற்றிப்போகும் தட்டு லாரிதான் வேண்டும். இன்சூரன்ஸில் ‘இன்ஜின் புரொடெக்ட்’ சேர்க்கும்போது, ஹைப்ரிட் பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாலிசிக்குப் பாலிசி இது மாறுகிறது. எலி கடிக்கும் இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே அறிவுரைதான். இந்தக் காரில் ஒயரிங் பில் சின்னதாக வராது.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது ஷோரூம்காரர் காட்டுகிற காலிச் சாலையில் ஓட்டித் திரும்பாதீர்கள். நீங்கள் தினமும் போகிற வழியை, தினமும் போகிற நேரத்தில் ஒருமுறை கேளுங்கள். கிளம்புமுன் டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். முதல் சில நிமிடம் இன்ஜின் சூடேறுவதற்காக ஓடும், அப்போது காட்டுகிற எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பின்சீட்டில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து, தாழ்வான சீட்டில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறாரா என்று பாருங்கள். மேம்பாலம் ஒன்றில் நான்கு பேரோடு ஏறி, இன்ஜின் சத்தம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். 10 கி.மீ. முடிந்ததும் மீட்டர் 18-க்குக் கீழே காட்டினால், உங்கள் ஓட்டத்துக்கு இந்தக் கார் போட்ட கூடுதல் பணத்தைத் திருப்பித் தராது. பெட்ரோல் சிட்டியின் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.